மண் தின்ற தலையணை உறை

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தினமும் சண்டை போடுகிற அளவுக்குச் சௌக்கியமாக இருக்கிறோம், அங்கே நீயும் நல்லபடியாக இருக்க வேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் எனக்கு முதல் நினைப்பு. ஆஸ்பத்திரி லேபில் இன்னும் ராத்திரி ஷிப்டுதானா, பகலில் ஒழுங்காகத் தூங்குகிறாயா, ஜன்னலுக்குக் கனமான திரை வாங்கச் சொன்னேனே, வாங்கினாயா? போனிலேயே கேட்கலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தால் உன் அப்பா பக்கத்தில் வந்து நின்று குறுக்கே குறுக்கே பேசுவார். இது அவர் இல்லாமல் நான் சொல்ல வேண்டிய விஷயம், அதனால்தான் கடிதம்.

நம் நிலத்தைப் பற்றித்தான். மேல்மண்ணை இரண்டடி வெட்டி எடுத்துக்கொள்கிறேன் என்று செங்கல் சூளைக்காரர் மறுபடியும் வந்து நின்றார். உன் அப்பாவுக்கும் மனசு விட்டுப்போயிருந்தது. வருஷக்கணக்கில் உரத்தைக் கொட்டி மண் இறுகிப்போய், மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்காமல் மேலோடு ஓடிவிடுகிறது என்று உனக்கே தெரியும். நீ சொன்னபடி உழாமல், தட்டைப்பயறு விதைத்து, சோளத்தட்டையும் சருகும் போட்டு மூடி வைத்தது கிழக்குப் பாதியை மட்டும்தான், மேற்குப் பாதியில் வழக்கம்போல உழவும் உரமும். கேட்டால், பாதி என் மகள் பேச்சுக்கு, பாதி என் பேச்சுக்கு என்பார். போகிறவர் வருகிறவர் எல்லாம் "என்னங்க, குப்பைய கொட்டி வச்சிருக்கீங்க" என்று கேட்டுக் கேட்டு, மூன்றாம் வருஷம் அவருக்கே சந்தேகம் வந்து, எல்லா மண்ணையும் சூளைக்கே கொடுத்துவிடலாமா என்று புலம்ப ஆரம்பித்துவிட்டார். அப்போதுதான் நீ அந்தச் சோதனையைச் சொன்னாய். சுத்தமான பருத்தித் துணியை இரண்டு பக்கமும் புதைத்து வையுங்கள், மண்ணில் உயிர் இருந்தால் துணியைத் தின்றுவிடும், இல்லாவிட்டால் துணி அப்படியே கிடக்கும், இரண்டு மாதம் கழித்துத் தோண்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்றாய். எந்தத் துணி என்று நீயும் சொல்லவில்லை, அவரும் என்னிடம் கேட்கவில்லை.

வீட்டில் இருக்கிற துணியில் பாதிக்கு மேல் நைலான் கலந்தது. தேடித் தேடி என் பீரோவின் அடித்தட்டில் ஒரு தலையணை உறையைக் கண்டுபிடித்திருக்கிறார். நீலப் பூ போட்டது, உன்னுடையது. நீ கிளம்பிப் போன அன்று உன் கட்டிலிலிருந்து கழற்றி, துவைக்காமல் மடித்து வைத்திருந்தேன். அதில் உன் தலைமுடி வாசனை இருந்தது. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. மனசு கேட்காத நாளில் எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டு, திரும்ப மடித்து வைத்துவிடுவேன். மனுஷன் அதைக் கத்தரிக்கோலால் சரிபாதியாக வெட்டி இரண்டு குழியிலும் போட்டு மூடிவிட்டு வந்து, "அழுக்கா கெடந்துச்சு, ஆனா அசல் பருத்தி" என்று பெருமை வேறு. எனக்கு வந்த கோபத்தில் அன்றைக்கு அடுப்பே பற்ற வைக்கவில்லை. காரணத்தை அழுதுகொண்டே சொன்னதும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஈர மண்ணுக்குள் போனதில் இனி என்ன வாசனை இருக்கப்போகிறது, விடுங்கள் என்று நான்தான் தடுத்தேன்.

போன வாரம் தோண்டினோம். மேற்குப் பாதியில் துணி முழுசாக வந்தது, நீலப் பூ கூட அழியவில்லை. கிழக்கே சருகை விலக்கியதும் மண் பொலபொலவென்று கையோடு வந்தது, எங்கே தொட்டாலும் மண்புழு, துணியைத்தான் காணோம். ஓரம் தைத்த நைலான் நூல் மட்டும் மிச்சம். உன் அப்பா சந்தோஷத்தில் குதித்திருக்க வேண்டும், ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாளித் தண்ணீர் எடுத்துவந்தார். அந்த முழுத் துணியை அலசிப் பிழிந்து என் கையில் கொடுத்து, "இதையாவது வச்சுக்கோ" என்றார். முகத்தில் வைத்துப் பார்த்தேன், உர வாடைதான். கிழக்கு மண்ணை ஒரு கை அள்ளி மோந்தேன். உன் வாசனை என்று பொய் சொல்ல மாட்டேன், ஆனால் மழை விட்டதும் வருமே, அந்த வாசனை. செத்த மண்ணில் கெடாமல் கிடந்ததை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அவர் வேண்டாம் வேண்டாம் என்றும் கேட்காமல் அதையும் கிழக்கிலேயே குழி பறித்துப் போட்டு மூடினேன். சூளைக்காரருக்கு இல்லை என்று சொல்லியாயிற்று. மேற்குப் பாதிக்கும் தட்டைப்பயறு விதை வந்துவிட்டது, இனி முழு நிலமும் உன் பேச்சுக்குத்தான்.

இத்தனை நாளும் எங்களை நினைக்காதே, உன் வேலையைப் பார் என்றே உன்னிடம் சொல்லிவந்தேன். அந்த உறை இருந்த தைரியத்தில் சொன்னது. இப்போது அது இல்லை. உன்னைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை தங்கம், லீவு கேட்டு ஒரு தடவை வந்துவிட்டுப் போ.

நோய்நொடியில்லாமல், நல்ல தூக்கத்தோடு நீ நன்றாக இருக்க வேண்டும். உன் தலையணை உறையில்லாமல் கிடக்கிறது, வரும்போது ஒன்று வாங்கி வா. கடையில் கேட்டு நைலான் கலந்ததாகப் பார்த்து வாங்கு, பருத்தி என்றால் உன் அப்பா விட்டுவைக்க மாட்டார்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா