வெற்றுத் தாளில் அப்பா போட்ட கையெழுத்து

பெருமுக்கல் அருகில்,
24.8.2016

அன்பு மகள் மெர்லினுக்கு அம்மா எழுதுவது. மாதா புண்ணியத்தில் எங்கள் இருவர் உடம்புக்கும் ஒன்றுமில்லை, அகமதாபாத்தில் நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். மல்லாட்டை இந்த வருடம் சுமார்தான், செடிக்கு நாலு கடலைகூட இல்லை. ஒரு வாரமாக உன் போனை எடுக்கவில்லை என்று கோபிக்காதே, பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

ஏரிக்கு மேற்கே ஆடு மேய்கிற புறம்போக்கில் சோலார் கம்பெனி வருகிறது என்று சொன்னேன் அல்லவா. நீ செய்கிற வேலையும் அதுதானே, நல்ல காரியம் என்றே நினைத்திருந்தேன். ஆனால் ஆடி பிறந்ததும் பஞ்சாயத்துத் தலைவர் அப்பாவைக் கூப்பிட்டு, தெருவிளக்குக்கு மனு என்று சொல்லி எழுதாத தாளில் கையெழுத்து வாங்கியிருக்கிறார். மாதா கோயிலில் ஜெபம் சொல்கிற உபதேசியாரே போட்டுவிட்டார் என்று அப்பா கையெழுத்தைக் காட்டி நாற்பது வீட்டில் வாங்கிவிட்டார்கள். சுதந்திர தினத்தன்று கிராம சபைக்குப் போகிற வழியில்தான் அப்பா எனக்கு இதைச் சொன்னார், நீ வாயைத் திறக்காதே, மானம் போய்விடும் என்றும் சொன்னார்.

சபையில் தீர்மானத்தை வாசித்தார்கள். அந்த இடம் யாருக்கும் பயன்படாத தரிசு, ஊர் முழுக்கச் சம்மதம், முதல் பெயர் அப்பா பெயர், சவரிநாதன். முப்பது ஆடு வைத்திருக்கிற வெள்ளையம்மாள் எழுந்து, அப்படியானால் என் ஆடு இத்தனை வருடமாக எங்கே மேய்கிறது என்று கேட்டாள். உட்காரச் சொல்லி அதட்டினார்கள். அப்பா தலை குனிந்து இருந்தார். அவர் சொன்னதை மீறி நான் எழுந்துவிட்டேன். "எங்க வூட்டுக்காரரு வெத்துத் தாளுலதாங்க கையெழுத்துப் போட்டாரு, மேல எழுதினது அவரு இல்லீங்க" என்றேன். ஒரே கூச்சல். சபைக்கு வந்திருந்த அதிகாரி தீர்மான நோட்டோடு ஜீப்பில் ஏறப் போனார், நாங்கள் பத்துப் பதினைந்து பெண்கள் வழியை மறித்து நின்றோம். கடைசியில் அவர் எங்கள் ஆட்சேபணையையும் எழுதி, சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் போனார்.

அதன் பிறகு ஒரு வாரம் அப்பா என்னோடு பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஜெபம் வாசிக்கக்கூட வேறு ஆளை அனுப்பினார். பஞ்சாயத்தில் நம் தெருவுக்குக் குழாய்த் தண்ணீரை மூன்று நாள் நிறுத்திவிட்டார்கள், எல்லாம் என்னால்தான் என்று சிலர் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். இந்தத் திங்கட்கிழமை காலையில் அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் புறப்பட்டார். வெள்ளையம்மாளைக் கூட்டிக்கொண்டு விழுப்புரம் கலெக்டர் ஆபீசுக்கு மனுக் கொடுக்கப் போயிருக்கிறார். அங்கே அவர் சொன்னதை அவள்தான் வந்து சொன்னாள்: "நான் எழுதப் படிக்கத் தெரிஞ்சவங்க. படிக்காம போட்டேன். என்னப் பாத்துதான் நாப்பது பேரு போட்டாங்க. மொதல்ல என் பேர அடிங்க." செப்டம்பர் 6ஆம் தேதி ஆடு மேய்ப்பவர்களையும் ஏரிப் பாசனக்காரர்களையும் வைத்துக்கொண்டு அந்த இடத்தை மறுபடி அளக்க உத்தரவாகியிருக்கிறது. என்ன ஆகுமோ, பயமாகத்தான் இருக்கிறது.

அன்று சாயங்காலத்திலிருந்து அப்பா அந்த நாற்பது வீட்டுக்கும் போய், நடந்ததைத் தன் வாயால் சொல்லிவருகிறார். உன் பெரியப்பா மகன் பிரான்சிசுக்குக் கம்பெனியில் வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்களாம், அவன் கதவைத் திறக்கவே இல்லை.

மெர்லின், வெயிலில் கரண்டு எடுப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாறைப் பக்கம் போடட்டும், மேய்ச்சலையும் ஏரி வாய்க்காலையும் விட்டுவிடட்டும். உன் மேசைக்கும் மக்கள் சம்மதம் என்று தாள் வரும். யாரிடம், என்ன சொல்லி வாங்கியது என்று ஒரு வார்த்தை கேள்.

மாதா உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். செப்டம்பர் 4ஆம் தேதி பூசை முடிந்து அப்பா உனக்கு போன் செய்வார், நடந்ததை உனக்கும் தன் வாயால் சொல்ல வேண்டும் என்கிறார். நான் எழுதியதைக் காட்டிக்கொள்ளாதே. அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதே.

உன் அம்மா,
சவுரியம்மாள்