கியர் மாறியது தெரிந்தால் சொல்

இன்று காலை பட்டறையில் உங்கள் கையாள் முருகையா கியர் பாக்ஸில் புது எண்ணெய் ஊற்றினான். அந்த எண்ணெயின் சிவப்பும் வாடையும் உங்கள் சட்டைகளில் எப்போதும் இருந்தவை. நான் மேசையில் உட்கார்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ரொட்டியைத் தின்று முடித்தேன்.

எல்லாரும் அழுதுவிடு என்கிறார்கள். உங்கள் அக்கா சாஆ ஊரிலிருந்து பஸ் பிடித்து வந்து இதையே சொல்லிவிட்டுப் போனார். சொன்னதும் வருவதற்கு அது என்ன குழாய்த் தண்ணீரா?

அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தீர்கள். நான் பக்கத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கீரைக்கட்டை முடித்து நிமிர்ந்தபோது உங்களுக்கு மூச்சு இல்லை. எப்போது போனீர்கள் என்று எனக்குத் தெரியாது. அதுதான் உறுத்துகிறது. தெரிந்து சொல்வதுதானே நீங்கள் எனக்குக் கொடுத்த வேலை.

நம் தம்போய்ப் பட்டறையில், தானாக மாறும் எந்த ஆட்டோ கியரைப் பிரித்துக் கட்டினாலும், ஓட்டிப் பார்க்க என்னைக் கூப்பிடுவீர்கள். ரேடியோ கிடையாது, பேச்சு கிடையாது. "நீ கண்ண மூடிக்க. கியர் மாறுனது தெரிஞ்சா சொல்லு." ஓட்டுகிறவனுக்கு எப்போது மாறும் என்று முன்னாலேயே தெரிந்துவிடும், அவன் உடம்பை நம்பக்கூடாது என்பீர்கள். நான் வாய் திறக்காமல் திரும்பி வந்தால் வண்டி தேறிவிட்டது. "மாறிடுச்சு" என்றால் உங்கள் முகம் சுருங்கும். கியர் பெட்டியை மறுபடி இறக்குவீர்கள். ஒருமுறை நான் நிஜமாகவே தூங்கிவிட்டேன். இவ்வளவு நல்ல பெட்டி கட்டியதே இல்லை என்று நீங்கள் பெருமைப்பட்டீர்கள்.

உள்ளே நடப்பதைச் சாப்பாட்டுத் தட்டுகளை அடுக்கிக் காட்டியிருக்கிறீர்கள். கிளட்ச் தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும். எண்ணெயின் அழுத்தம் ஓர் அடுக்கைத் தளர்த்தி இன்னொன்றை இறுக்கும். "ஒண்ணு விடுற நேரத்துல இன்னொண்ணு பிடிக்கணும். முந்துனா ஒதைக்கும். பிந்துனா எஞ்சின் சும்மா கத்தும்." நீங்கள் விட்டுவிட்டீர்கள். இன்னும் எதுவும் வந்து என்னைப் பிடித்துக்கொள்ளவில்லை. நான் கத்தவும் இல்லை.

இன்றைக்கு வந்தது தினமும் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவரின் வண்டி. எல்லைப் பாலத்து ஜாமில் ஊர்ந்து ஊர்ந்தே கிளட்ச் கருகியிருந்தது. நீங்கள் இல்லாமல் முருகையா தனியாகக் கட்டிய முதல் பெட்டி.

"இது சரியா ஓடுனா கடைய நடத்துவோம் அண்ணி. இல்லேன்னா கடைச் சாவிய ஓனர்கிட்டயே குடுத்திடலாம். நானும் சிங்கப்பூருக்கே போயிடுறேன் லா" என்றான்.

ஏறி உட்கார்ந்து கண்ணை மூடினேன். ஸ்கூடாய் ரோட்டில் ஒரு சுற்று வந்தோம். ஒன்றும் தெரியவில்லை. முருகையா சிரித்தான். "ஓகேதானே அண்ணி?"

பெட்டி நன்றாக இருக்கிறதா, நான்தான் மரத்துப்போய்விட்டேனா என்று எனக்கே தெரியவில்லை. இதை அவனிடம் எப்படிச் சொல்வது? என் மௌனத்தை நம்பித்தான் கடை நிற்கப்போகிறது.

"இன்னொரு சுத்து போலாம்" என்றேன்.

இந்த முறை எண்ணெய் நன்றாகச் சூடேறியிருந்தது. மேட்டில் ஏறும்போது, இரண்டிலிருந்து மூன்றுக்குப் போகும் இடத்தில், என் முதுகில் ஓர் உதை விழுந்தது. சின்னதுதான்.

"மாறிடுச்சு" என்றேன்.

முருகையா வண்டியை ஓரமாக நிறுத்தினான். எஞ்சினை அணைத்துச் சாவியை உருவினான். கடை போயிற்று என்றுதான் நினைத்தேன்.

"எனக்குத் தெரியவே இல்ல அண்ணி" என்றான். "எறக்கிப் பாக்குறேன். மாட்டுன பெறகு நீங்கதான் திரும்ப உக்காரணும்."

சரி என்றேன். அப்போதும் அழவில்லை. வீட்டுக்கு வந்து சோறு வடித்து, உங்கள் நாற்காலிக்கு எதிரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அந்த உதை இன்னும் முதுகில் இருக்கிறது. நீங்கள் போன பிறகு என் உடம்புக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.