தொடாதே என்று சொன்ன கியர்

ஜனவரி 20, இரவு

கனடாவிலிருந்து மகள் அழைத்தாள். நேற்று பனி இறக்கத்தில், பிரேக்கை மிதித்தும் கார் வழுக்கிக்கொண்டே போனதாம்.

"அப்பா, கியர்ல D-க்குக் கீழ L இருக்கே, அது எதுக்கு?"

இருபது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கிளட்ச் இல்லாத ஆட்டோ கார் என்றால் எல்லோருக்கும் ஒரே பாடம்: "D போட்டா போதும்லா, L பக்கமே போகாதே." சோதனையில் தேற அது போதும். அவளுக்கும் அதைத்தான் சொல்லியிருந்தேன்.

"இறக்கத்துல L போடும்மா. எஞ்சினே காடியைப் பிடிச்சுக்கும். பிரேக்கை மெதுவா தொடு."

"நீங்க பனியில ஓட்டியிருக்கீங்களா?"

"மழையில, நம்ம ஊரு பாயா தெருபோங் மலை இறக்கத்துல..."

சிரித்துவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். அங்கே இப்போது காலை. போய்ச் சேர்ந்தாயா என்று அனுப்பினேன். பதில் இல்லை.

பாடம் நடத்தும் காரில் என் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. இதை எழுதும்போதே கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டிருக்கிறது.