கடிதத்தில் தயாபரன் இல்லை

ஞானம்,

கோயிலிலிருந்து வந்ததும் சாப்பிடு. பிட்டு மூடியிருக்கிறது.

வன்னியில் காணாமற்போன உன் தம்பி முகாமில் இருப்பதாக வந்த மின்னஞ்சலை, அச்செடுத்த தாளில் மறுபடி வாசித்தேன். அதில் தயாபரன் என்ற பெயரே இல்லை. ‘உங்கள் உறவினர்’ என்றுதான் இருக்கிறது. பெயரை நாமே போட்டு வாசித்திருக்கிறோம். முகாம் பெயர்ப்பட்டியலைப் பார்க்க நம் மின்னஞ்சல் பாஸ்வேர்ட் எதற்கு என்று நீ அன்றே கேட்டாய். பதில் சொல்லாமல் எழுதி அனுப்பியவன் நான். காணாமற்போனவர்களை வைத்துத் தூண்டில் போடுகிறார்கள்.

இப்போது அதே கடிதம் நம் முகவரியிலிருந்து மற்றவர்களுக்குப் போகிறது. சற்றுமுன் பாலேஸ்வரி அக்கா போன் எடுத்தார். “தம்பி, எங்க மகன்ட பேரும் பட்டியல்ல இருக்காமே. நீங்கதானே அனுப்பியிருக்கீங்க. பாஸ்வேர்ட் கேக்குது, போடவா?”

“போடாதீங்க, வீட்டுக்கு வாங்க” என்றேன். அது பொய்க் கடிதம் என்று போனில் சொல்லவில்லை. பத்து மணிக்கு வருகிறார்.

பலாபத்வல ஊரில் இருக்கும் இன்டர்நெட் கடையில் பாஸ்வேர்டை மாற்றி, எல்லோருக்கும் எழுதிவிட்டுப் பத்துக்குள் வருவேன். பஸ் பிந்தினால் அவருக்குத் தேநீர் கொடு. நீ சொல்லாதே, நான்தான் சொல்ல வேண்டும்.

மூர்த்தி

மகன் கிடைத்த சந்தோஷத்தில் அக்கா லட்டு வாங்கி வருவதாகச் சொன்னார். பெட்டியைப் பிரிக்க விடாதே.