நின்றபடி தின்றது

பிப். 3, திங்கள்
பனி. கோழிக்கொட்டகைத் தகரம்கூடத் தெரியவில்லை. பாப்பா நேற்று ஹாஸ்டலுக்குக் கிளம்பும் முன் என் போனில் ஒரு ஆப் போட்டுவிட்டுப் போனாள். இலவசம். தின்பதை எல்லாம் எழுதினால் கலோரி சொல்லும். ஆப்புக்கு வேண்டாத மிச்சம் இந்த நோட்டில்.

டாக்டர் சொன்னது: பாப்பா பிறந்தபோது வயிற்றை அறுத்துப் போட்ட தையல் பலவீனம், அதில் குடல் பிதுங்குகிறது. ஆபரேஷன்தான். "நாலு கிலோ குறைச்சுட்டு வாங்கம்மா, உடனே தேதி தாரேன். அதுவரைக்கும் முட்டை ட்ரே தூக்காதீங்க." நான் தூக்காவிட்டால் வேறு யார் தூக்குவது என்று அவர் சொல்லவில்லை.

எடை 78.2. வீட்டில் எடை மெஷின் ஏது, தீவன மூட்டை நிறுக்கிற தராசில் ஏறிப் பார்த்தது.

கா: இட்லி 3, சட்னி.
ம: சோறு 1 கப், பருப்பு, பீர்க்கங்காய்.
இ: சப்பாத்தி 2.
ஆப்பில் பச்சை. நல்ல பிள்ளையாம் நான்.

பிப். 8, சனி
ஆப்புக்கு பீட்சாவில் அத்தனை ரகமும் தெரிகிறது. சந்தகை தெரியாது. கொள்ளுப் பருப்பு தெரியாது. இரண்டு தடவை தொட்டால் ஒரு விளம்பரம். ஒட்டிய வயிற்றோடு ஒருத்தி சிரிக்கிறாள். அவளுக்கு மாமியார் இல்லை போல.

பிப். 21, வெள்ளி
எடை 78.6. ஏறியிருக்கிறது! இனிப்பு இல்லை, டீயில் சர்க்கரை இல்லை, எல்லா நாளும் பச்சை. பிறகு எப்படி?

தராசில் நிற்கையில் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "மெதுவா எறங்கு புள்ள, தராசு போயிரும்." மூட்டை தூக்கும் ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

வெள்ளிதோறும் அவர் வரிசைக்கு நாலு கோழி பிடித்து, கொக்கித் தராசில் தொங்கவிட்டு நிறுப்பார். நோட்டில் ஏற்றுவார். பருத்த கோழி முட்டை சரியாக விடாது, தீனியைக் குறைக்கணும். மெலிந்தால் கூட்டணும். எந்தக் கொட்டகைக் கோழி எத்தனை கிராம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். எனக்கு எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கேட்டால் முழிப்பார்.

பிப். 23, ஞாயிறு
பாப்பா போன். ஒரே திட்டு.
"ஏம்மா, எல்லாத்தையும் எழுதறீங்களா?"
"எழுதறேன் சாமி. தட்டுல போட்டது அத்தனையும்."
"தட்டுல போடாதது?"
போனை வைத்துவிட்டு அடுப்படியைப் பார்த்தேன்.

உடைசல் முட்டை! கீறல் மட்டும் விட்டது பேக்கரிக்குப் போகும். கசிகிறது அதுவரை தாங்காது, சாயங்காலம் சமையலறைக்கு வந்துவிடும். அவர் முட்டை தொடமாட்டார், நாளெல்லாம் அந்த வாசனையிலேயே நிற்கிறாராம். அத்தைக்கு வாயு. வீணாக்கக் கூடாது. பொடிமாஸ் கிளறி, அடுப்படியில் நின்றபடியே நான் தின்று முடித்துவிட்டு, அப்புறம் 'சாப்பிட' உட்காருவேன். கல்யாணமான நாள் முதலாக. அதைச் சாப்பாடு என்று நான் நினைத்ததே இல்லை. பாத்திரம் ஒழிக்கிற வேலை.

பிப். 24, திங்கள்
இன்று மறைக்காமல் எழுதியது: உடைசல் 5. எண்ணெய் 3 கரண்டி. அத்தை மிச்சம் வைத்த அரைத் தோசை. அவர் தட்டில் மிச்சம், சோறு இரண்டு பிடி. காலையில் மீந்த இட்லி 2.

ஆப் சிவப்பு. உட்கார்ந்து தின்றதைவிட நின்றபடி தின்றது அதிகம். ஆத்திரமாக வந்தது. எல்லார் மேலும். என் மேலும்தான், என்னை யாரும் கட்டிவைத்து ஊட்டவில்லையே.

பிப். 26, புதன்
முட்டையைத் தென்னை மரத்தடியில் புதைத்தேன். அத்தை பார்த்துவிட்டார்.
"ஏனம்மிணி, முட்டையக் குழி தோண்டிப் பொதைக்கறயா? இந்த ஊட்டுல லச்சுமி தங்குவாளா?"
"நீங்க ரெண்டு சாப்பிடுங்கத்தை."
"எனக்கு வாயுன்னு தெரியாதா உனக்கு?"

அவரிடம் போய்விட்டது சேதி. "ரெண்டு முட்டைல என்ன வந்துரப் போவுது? ஊருக்கெல்லாம் முட்டை குடுக்கறோம், உனக்குக் கசக்குதா?"

"பருத்த கோழிக்குத் தீனியக் கொறைக்கறீங்கல்லங்க" என்றேன்.
"கோழியும் நீயும் ஒண்ணா?"
இல்லைதான். கோழியை வாரம் தவறாமல் பார்க்கிறார்.

மார்ச் 14, வெள்ளி
வெயில் ஆரம்பம். எடை 76.9. இறங்குகிறது.

மதியம் ட்ரே தூக்கியபோது வயிற்றில் பிதுங்கியது கல் மாதிரி நின்றுவிட்டது. படுத்து, கையால் அமுக்கி, ரொம்ப நேரம் கழித்து உள்ளே போனது. பயந்துபோனேன். குடல் அதில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். தீவன ரூமில் அவர் குரல் கேட்டது. ஒரு கொட்டகையில் கோழி சரியாகத் தின்னவில்லையாம், மருந்துக்கு போன் போட்டுக்கொண்டிருந்தார்.

ஏப். 11, வெள்ளி
எடை 74.1!! இறங்கி மறுபடி ஏறினேன். 74.1 தான்.

ஆஸ்பத்திரிக்கு போன். தேதி: 22, செவ்வாய். காலை ஏழு மணி, வெறும் வயிறு. ஆப்பில் கலர் கலராகக் காகிதம் பறக்கிறது, அடுத்த இலக்கு என்ன என்று கேட்கிறது. உயிரோடு இருப்பது என்று போட இடமில்லை.

அவரிடம் சொன்னேன். காலண்டரைப் பார்த்தார். "இருபத்திரெண்டா? முத்தின கோழி ஏத்த லாரி வருதே அன்னைக்கு. ஆளுகளுக்கு யாரு சோறாக்கறது? ஆவணில பாத்துக்கலாம். இத்தன நாள் தாங்குனது நாலு மாசம் தாங்காதா?"

முட்டை விடாத கோழியின் தேதியை மாற்ற முடியாது. என் தேதியை மாற்றலாம். நாலு கிலோ போனது அவர் கண்ணுக்கே தெரியவில்லை.

ஏப். 12, சனி
புழுக்கம். மேகம் உண்டு, மழை இல்லை.

பாப்பாவிடம் சொன்னேன். "முந்தின நாளே வாரேம்மா. நீங்க பையை மட்டும் எடுத்து வைங்க."

காலண்டரில் 22இல் அவர் எழுத்து: லாரி. அதன் கீழே நான் எழுதினேன்: ஆஸ்பத்திரி, 7 மணி. அழுத்தி எழுதியதில் தாள் கிழிந்தது.

மதியம் சாப்பிட வந்தவர் படித்தார். "அப்ப சோறு?" என்றார்.

"அரிசி எங்க இருக்குதுன்னு அத்தைக்குத் தெரியுமுங்க."

சாயங்காலம் உடைசல் பதினொன்று வந்தது. அடுப்பு மேடையில் இருக்கிறது. கசிந்து கீழே வழிகிறது. எடுக்கவில்லை.