விரிப்பின் அடிப்பக்கம்

என் வீட்டு மேலதிகாரிக்கு,

வார்டுக்குள் என்னை விடமாட்டேன் என்கிறார்கள். நர்ஸம்மாவிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டாக்டர் சொன்னதை நீ வீட்டுக்கு வந்த பிறகு பேசிக்கொள்ளலாம்.

முதலில் என் தப்பை ஒப்புக்கொள்கிறேன். இருபத்தாறு வருடமாக நீ துவைத்துத் தேய்த்த மாதா கோயில் பீடத்து விரிப்பை, நீ படுத்ததிலிருந்து நான்தான் துவைக்கிறேன். பக்தி என்று நினைத்துவிடாதே. "ஆண்டவரே, என் வேலை முடிஞ்சுது. இனி உங்க வேலை. அவளை எழுப்பி அனுப்புங்க" என்று ஒவ்வொரு வாரமும் கறாராகச் சொல்லிவிட்டுத்தான் கொடியில் போடுவேன்.

போன வாரம் அப்படிப் பேரம் பேசிக்கொண்டே தேய்த்ததில் ஓர் ஓரம் தீய்ந்துவிட்டது. பயந்துகொண்டே பாதிரியாரிடம் காட்டினேன்.

"அந்த ஓரத்தை உள்ள மடிச்சு விடுங்க, போதும்" என்று சிரித்தார்.

மடிக்கும்போதுதான் அடிப்பக்கத்தை ஒழுங்காகப் பார்த்தேன். எறும்பு வரிசை மாதிரி, விரிப்பு முழுக்க, நைந்த இடமெல்லாம் நீ போட்ட பொடித் தையல். யார் கண்ணிலும் படாத இடத்தில் இவ்வளவா? இதற்கெல்லாம் ஆண்டவரிடம் நீ என்னதான் கேட்டாய்? எனக்குத் தெரிந்து, தேய்த்து முடித்ததும் என்னிடம்தான் கேட்பாய், "நல்லா வெளுத்திருக்கா?" என்று. நான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கியதே இல்லை.

நல்லா வெளுத்திருந்தது. எல்லா வாரமும்.

இன்றும் துவைத்தேன். பதிலுக்கு எதுவும் கேட்கவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் கேட்டேன். நீ வந்து, அந்தத் தீய்ந்த ஓரத்தைப் பார்த்து, என்னை நாலு திட்டுத் திட்ட வேண்டும் என்று.

இப்படிக்கு,
தேய்க்கத் தெரியாத உன் வீட்டுக்காரன்