கையெழுத்து மட்டும் தருகிறவர்

அன்புள்ள அப்பாவுக்கு லிடியா எழுதுவது. முட்டிவலி குறைந்ததா? வடமதுரையில் மழை உண்டா? டெல்லியில் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

வெளிநாட்டு மேல்படிப்புக்கு, பாடம் நடத்திய பேராசிரியர் ஒருவர் என்னைப் பற்றிப் பரிந்துரைக் கடிதம் தர வேண்டும். யாரைக் கேட்பது என்று யோசித்தால் ஒரு முகமும் தோன்றவில்லை. கடைசியில் துறைத்தலைவரிடம் போனேன். இரண்டு வருடம் அவர் வகுப்பில் உட்கார்ந்தவளிடம் பெயர் கேட்டார். பிறகு, நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன் என்றார். எல்லோருக்கும் அப்படித்தானாம். சிரிப்பாக இருந்தது.

எழுத உட்கார்ந்தால் என்னைப் பற்றி ஒரு வரிகூட வரவில்லை அப்பா.

நம்மூர்ப் பள்ளிக்கூடத்து டெய்சி மிஸ் என்றால் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். ஆனால் பள்ளி ஆசிரியர் கடிதம் செல்லாதாம். "ஏத்தா, செத்த நேரம் சும்மா இருக்க மாட்டியா? அம்புட்டுக் கேள்வியும் ஒனக்குத்தான் வருமா?" என்று மிஸ் வகுப்பில் என்னைத் திட்டுவார்களே. ஞாயிற்றுக்கிழமை பூசையில் பார்த்தால், என்னைப் பற்றி நாலு வார்த்தை கேட்டுச் சொல்லுங்கள். அதையே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுகிறேன்.

ஊரிலிருந்து யாராவது டெல்லிக்கு வந்தால் பூண்டு ஊறுகாய் கொடுத்துவிடுங்கள். மெஸ்ஸை மூடப் போகிறார்கள், வருகிறேன்.

இங்கே வந்து வகுப்பில் நான் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. அதை மட்டும் மிஸ்ஸிடம் சொல்லிவிடாதீர்கள்.

லிடியா